தினமும் பையில் வைத்துக்கொள்ளும் பல்கருவிக் கத்தி: எதைத் தேர்ந்தெடுப்பது, எதை மாற்றிக்கொள்வது?

கேள்வி:

அன்பளிப்பாக வந்த விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்சாம்ப் கத்தி ஒன்று ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 33 வேலைகளுக்குப் பயன்படும், 185 கிராம் எடையுள்ள அந்தக் கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் தொடையில் இடிப்பதால், நாளடைவில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டுவதில்லை. ஆகவே சிறியதாக ஒன்று வாங்க நினைக்கிறேன். எந்தெந்தக் கருவிகள் கட்டாயம் இருக்க வேண்டும்? சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு நானே மரத்தில் செய்து பொருத்த முடியுமா?

மறுமொழி 1:

வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். அந்த நாட்களில் கத்தியோ கத்தரிக்கோலோ திருப்புளியோ தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும், எதற்காக என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான் அப்படிக் குறித்தபோது பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் தேவைப்பட்டது கத்தரிக்கோல்தான் என்று தெரிந்தது. ரம்பமும் மீன் செதில் சீவியும் ஒரு முறைகூடத் தேவைப்படவில்லை.

பருமனைப் புரிந்துகொள்ள, கைப்பிடிக்குள் கருவிகள் பக்கம் பக்கமாக அமைந்திருக்கும் அடுக்குகளைப் பாருங்கள். விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்சனர் 1897இல் சட்டப்படி பதிவுசெய்த கத்தியின் சிறப்பே, ஒரே ஸ்பிரிங் கைப்பிடியின் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி அமைத்ததுதான். இன்றும் அதே அமைப்புதான். ஓர் அடுக்கைச் சேர்த்தால் அதற்குரிய ஸ்பிரிங்கும் தடுப்புத் தகடும் கூடவே வந்துவிடுகின்றன. பையில் உறுத்துவது அந்தப் பருமன்தான். என் அனுபவத்தில் இரண்டு அடுக்கு வரை இருக்கும் கத்தி பையில் இருப்பதே தெரியாது. மூன்று அடுக்கைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தோள்பைக்குத்தான் பொருந்தும்.

91 மில்லிமீட்டர் நீளமுள்ள காம்பாக்ட் என்ற வகையை நான் வைத்திருக்கிறேன். இரண்டே அடுக்கில் பெரிய அலகு, கத்தரிக்கோல், டப்பாவும் புட்டியும் திறக்கும் கூட்டுக் கருவி, கார்க் திருகி எல்லாம் அடங்கிவிடுகின்றன. கார்க் திருகி எதற்கு என்று தோன்றும். அதன் சுருளுக்குள் திருகி வைக்கக்கூடிய மிகச் சிறிய திருப்புளி தனியாகக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிடிக்கும் ஆணி தளர்ந்து, கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து தொங்கியபோது, நின்ற இடத்திலேயே அதைக் கொண்டு முறுக்கிச் சரிசெய்தேன். அன்றிலிருந்து அதைக் கழற்றவே இல்லை.

மறுமொழி 2:

கைப்பிடி மாற்றுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 91 மில்லிமீட்டர் வகையில் பிளாஸ்டிக் பக்கத்தகடுகளை ஆணி அடித்துப் பொருத்துவதில்லை. உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் பித்தளை முனைகளின் மேல் அழுத்தி மாட்டியிருப்பார்கள். ஆகவே மரத்தில் செய்து மாட்டுவது நிச்சயம் முடியும். முதலில் சாமணத்தையும் பல்குச்சியையும் உருவி எடுத்துவிடுங்கள். பிறகு பக்கத்தகட்டை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து இளகச் செய்து, மழுங்கிய மெல்லிய தகடு ஒன்றைக் குச்சி இருந்த பொந்தின் ஓரமாக நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். கூரான அலகால் நெம்பவே வேண்டாம். நான் அவசரப்பட்டு அப்படிச் செய்தபோது அலகு வழுக்கி, பிடித்திருந்த கையின் கட்டைவிரல் மேட்டில் இறங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மரத்தில் சிரமம் உட்புறத்தில்தான் இருக்கிறது. பித்தளை முனை உட்காரும் குழி இறுக்கமாக இருந்தால் மாட்டும்போதே மரம் பிளந்துவிடும், தளர்வாக இருந்தால் கழன்றுவிடும். நான் குழியைச் சற்றுத் தளர்வாகவே குடைந்து, இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டிவிடுகிறேன். சாமணம் வேண்டுமென்றால் அதற்கான பொந்தையும் நீங்களே அறுக்க வேண்டும். ஆலாக்ஸ் எனப்படும் அலுமினியக் கைப்பிடியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அது ஆணியால் அறையப்பட்டது, ஆணியை அழிக்காமல் கழற்ற முடியாது.

மறுமொழி 3:

கத்தரிக்கோலை முதன்மையாகச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பியோடும் நட்டு போல்ட்டோடும் பழகுபவருக்குக் குறடு இல்லாத கருவியால் பயன் குறைவு. டிம் லெதர்மேன் தம் பழைய காரைப் பயணத்தில் பழுதுபார்க்கும்போது, கையிலிருந்த கத்தியில் குறடு இல்லையே என்று தவித்துத்தான் தம் பெயரிலேயே வழங்கும் குறடுள்ள பல்கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். 1983இல் அது விற்பனைக்கு வந்தது. ஒன்றை மட்டும் கேள்வி கேட்டவர் மனத்தில் வைக்க வேண்டும்: 91 மில்லிமீட்டர் கத்திகளில் அலகைப் பூட்டும் அமைப்பு கிடையாது. முனையால் குத்தித் துளையிட முயன்றால் அலகு விரல்மேல் மடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:

இரண்டு வாரக் குறிப்பு முடிந்தது. பொட்டலம் பிரித்தது, நூல் நறுக்கியது, பழம் அரிந்தது, திருகாணி முறுக்கியது: இவ்வளவுதான், குறடு ஒருமுறைகூட வரவில்லை. அதனால் காம்பாக்ட் வாங்கிவிட்டேன். ஆனால் கத்தரிக்கோல் விறைப்பாக இருக்கிறது, நகம் வலிக்கிறது. இது குறையா?

மறுமொழி 1:

குறையில்லை, புதிதில் அப்படித்தான் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் கத்தியை வைத்து எல்லாக் கருவிகளையும் பலமுறை திறந்து மூடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தியபின், மூட்டுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பழம் அரிகிறீர்கள் என்பதால் உணவில் கலந்தாலும் தீங்கில்லாத எண்ணெயாக இருக்கட்டும். கத்தரிக்கோலின் மெல்லிய ஸ்பிரிங் என்றாவது ஒடிந்தால் அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அலகின் எஃகு மிகக் கடினமானதன்று. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சாய்வில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். விமானத்தில் போகும்போது மட்டும் மறக்காமல் அதைப் பையிலிருந்து எடுத்து, ஒப்படைக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.