ட்வின் டிஸ்க் கிளட்ச்: வண்டி சூடானதும் ரிவர்ஸ் கடிக்குது. இது இயல்பா, கோளாறா?

டர்போதாசன்:
வணக்கம். பின்சக்கர டிரைவ், நாலு சிலிண்டர் டர்போ, தினமும் ஓட்டுற வண்டி. பூஸ்ட் ஏத்தினதுக்கு அப்புறம் பழைய சிங்கிள் பிளேட் நாலாவது கியர்ல வழுக்க ஆரம்பிச்சது. அதனால ட்வின் டிஸ்க் செட் மாட்டியாச்சு. சின்டர்டு (உலோகத்தூள்ல செஞ்ச) டிஸ்க் ரெண்டு, அதுங்களுக்கு நடுவுல ஃப்ளோட்டர் பிளேட், அதிர்வை விழுங்குற டூயல் மாஸ் ஃப்ளைவீலுக்குப் பதிலா கனம் குறைஞ்ச சாலிட் ஃப்ளைவீல். கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கிற ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியில இருக்கிற டைப்தான்.

வழுக்கல் சுத்தமா போச்சு. ஆனா நியூட்ரல்ல பெடலை மிதிச்சா அடியில கடகடன்னு சத்தம். விட்டா அது நின்னு, வேற மாதிரி லேசா கலகலங்குது. ஊர்ந்து போற நெரிசல்ல வண்டி உதறுது. இதையெல்லாம் பொறுத்துக்கலாம். பெரிய தலைவலி ரிவர்ஸ்தான். காலையில சத்தமே இல்லாம விழுது. கொஞ்ச நேரம் நெரிசல்ல ஓட்டிட்டுப் போட்டா கர்ர்ர்னு கடிக்குது. மாட்டிக் கொடுத்தவங்க "மல்டி பிளேட்னா இப்படித்தான் சார்"னு முடிச்சுட்டாங்க. அப்படியா?

ரெட்லைன்:
இப்படித்தான் ப்ரோ. ரேஸ் சாமான் போட்டா ரேஸ் வண்டி மாதிரிதான் இருக்கும். மூணாவது கியரைத் தொட்டுட்டு ரிவர்ஸ் போடுங்க, கடிக்காது.

பழைய ஸ்பானர்:
மூணாவதைத் தொட்டா சின்க்ரோ (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமமாக்குற வளையம்), கிளட்ச்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற இன்புட் ஷாஃப்டை நிறுத்தும், அதனால கடிக்காது. வாஸ்தவம். ஆனா கிளட்ச் செய்ய வேண்டிய வேலையை சின்க்ரோ தலையில கட்டுறீங்க. அது தேய்ஞ்சா கியர்பாக்ஸையே இறக்கணும்.

தம்பி, நீங்க சொன்னதுல இயல்பும் கலந்திருக்கு, கோளாறும் கலந்திருக்கு. பெடலை மிதிச்சா வர்ற கடகட, ஃப்ளோட்டர் பிளேட்டோடது. அழுத்தம் விலகினதும் அது தன் காதுகள்ல தொங்கிக்கிட்டு ஆடும், டிஸ்க்குகளும் கூடவே ஆடும். அது இயல்பு. பெடலை விட்டா வர்ற கலகல, கியர்பாக்ஸ் பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம். இன்ஜினோட அதிர்வை டூயல் மாஸ் விழுங்கிக்கிட்டு இருந்தது, இப்ப விழுங்க ஆள் இல்லை. ஐடிலிங்கை 100 ஆர்பிஎம் ஏத்திப் பாருங்க, பாதி அடங்கும். மிதிக்கும்போது கடகட இல்லாம கீச்சுனோ ஊளை மாதிரியோ வந்தாதான், பெடலை மிதிச்சா கிளட்ச்சை அமுக்குற ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படணும்.

ரிவர்ஸ் கடிக்கிறது மட்டும் இயல்பு கிடையாது. கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். நிறைய கியர்பாக்ஸ்ல ரிவர்ஸுக்கு சின்க்ரோ இல்லாததால முதல்ல அங்கதான் தெரியும்.

ஆயில்குளியல்:
நடுவுல ஒரு சந்தேகம். பைக்ல எல்லாமே மல்டி பிளேட்தானே? அது ஏன் இப்படிக் கத்துறதில்லை?

பழைய ஸ்பானர்:
பெரும்பாலான பைக்ல அது எண்ணெய்க்குள்ள ஓடுது. எண்ணெய் சத்தத்தையும் அடக்கும், சூட்டையும் எடுத்துட்டுப் போகும். பிடிப்பு குறையுறதுக்கு ஈடா அஞ்சாறு பிளேட்டைச் சேர்த்துக்குவாங்க. இங்க எல்லாம் காய்ஞ்ச உலோகம்.

மைக்ரோமீட்டர்:
கணக்கைப் பார்த்தா விஷயம் புரியும். கிளட்ச் தாங்கும் டார்க் = உராய்வுக் கெழு × அழுத்தும் விசை × சராசரி ஆரம் × உராயும் முகங்களின் எண்ணிக்கை. சிங்கிள் டிஸ்க்கில் 2 முகம், ட்வினில் 4. அதனால்தான் பெடலைக் கல்லாக்காமல் இரட்டிப்பு டார்க்கைத் தாங்க வைக்க முடிகிறது. 638 குதிரைத்திறன் கொண்ட 2009 கார்வெட் இசட்ஆர்1-க்கு கம்பெனியே ட்வின் டிஸ்க் போட்டது. "ரேஸ் சாமான், அப்படித்தான் இருக்கும்" என்பதை நான் அதனால்தான் ஏற்பதில்லை.

இதற்கு விலையும் உண்டு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உதாரணத்துக்கு 1.6 மி.மீ விலகுகிறது என்று வையுங்கள். சிங்கிளில் ஒரு முகத்துக்கு 0.8 கிடைக்கும். ட்வினில் 0.4 தான், அதுவும் ஃப்ளோட்டர் சரியாக நடுவில் நின்றால். பழைய கிளட்ச் கண்டுகொள்ளாத அரை மில்லிமீட்டர் குறைபாடு இதில் நேரடியாக உரசலாகிவிடும்.

சூடானதும் மட்டும் வருகிறது என்பதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல துப்பு. கடிக்கும் நேரத்தில் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை பம்ப் செய்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கோளாறு ஹைட்ராலிக்கில்: லைனில் காற்று, பழைய ஃப்ளூயிட், சூட்டில் உப்பும் ரப்பர் ஹோஸ். பம்ப் செய்தும் கடித்தால் பிளேட் வளைந்திருக்கலாம், டிஸ்க் ஸ்ப்லைனில் (ஷாஃப்டின் பல்வரிசையில்) ஒட்டலாம், இன்புட் ஷாஃப்டின் முனையை இன்ஜின் பக்கம் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். பைலட் பேரிங்கை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அது இறுகினால் கிளட்ச் முழுதாக விட்டாலும் இன்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்லேவ் வெளியில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லி, புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று குளிரில் ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

ரெட்லைன்:
இவ்வளவு எதுக்கு? பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரைப் பெருசா போட்டா தீர்ந்தது.

மைக்ரோமீட்டர்:
சிலிண்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ-இலிருந்து 19.05 மி.மீ-க்குப் போனால் பரப்பு 1.44 மடங்கு. நகர்வு 44 சதவீதம் கூடும், பெடல் கனமும் அதே அளவு கூடும். பிரஷர் பிளேட்டின் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை அளவுக்கு மீறி அமுக்கினால் அவை வளைந்துபோகும். அளக்காமல் மாஸ்டரை மாற்றாதீர்கள். அளந்த பிறகும் அதுதான் தேவை என்றால் பெடல் அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் பெடல் ஸ்டாப்பும் சேர்த்துப் போடுங்கள்.

பழைய ஸ்பானர்:
உதறலுக்கு வர்றேன். ஆர்கானிக் டிஸ்க்ல ரெண்டு லைனிங்குக்கும் நடுவுல அலை மாதிரி வளைஞ்ச குஷன் ஸ்பிரிங் இருக்கும், மெதுவா பிடிக்கும். சின்டர்டு டிஸ்க்ல பெரும்பாலும் அது இருக்காது, பட்டுன்னு பிடிக்கும். ஹாஃப் கிளட்ச்ல ஊர்றதை விடுங்க. முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, நகர்ந்ததும் முழுசா விட்டு உருளுங்க. ஆக்சிலரேட்டரை ஏத்திப் பிடிச்சுக் கிளப்பாதீங்க. கிளப்புற ஆர்பிஎம் இரட்டிச்சா கிளட்ச்ல விழுற சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு. போர்ஷே கரேரா ஜிடி-யில 169 மி.மீ இரட்டை டிஸ்க் செராமிக் கிளட்ச். ஆக்சிலரேட்டரைத் தொடாம கிளட்ச்சை மட்டும் விட்டாதான் அது ஒழுங்கா கிளம்பும். பழகாதவங்க கையில ஆஃப் ஆகிக்கிட்டே இருக்கும்!

சிக்னல்ல பெடலை மிதிச்சபடி நிக்காதீங்க. அந்த விசை முழுக்க இன்ஜின் கிராங்க் ஷாஃப்டோட த்ரஸ்ட் பேரிங்ல போய் உக்காரும். நியூட்ரல்ல போட்டுட்டுக் காலை எடுங்க.

டர்போதாசன்:
அளந்தாச்சு. குளிர்ல புஷ் ராடு 15 மி.மீ நகருது, சூட்டுல 12 தான். பம்ப் பண்ணினா ரிவர்ஸ் கடிக்காம விழுது. கீழே குனிஞ்சு பார்த்தா கிளட்ச் ஹோஸ் டர்போ டவுன்பைப்பை (டர்போவுல இருந்து வர்ற சூடான புகைக்குழாயை) ஒட்டியே போகுது. ஃப்ளூயிட் காபிக் கலர்ல இருக்கு.

மைக்ரோமீட்டர்:
பதில் கிடைத்துவிட்டது. டாட் 4 ஃப்ளூயிடின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 தான். டவுன்பைப் பக்கத்தில் ஹோஸ் கிடந்தால் அதை எட்டுவது கஷ்டமில்லை; ஃப்ளூயிட் கொதித்து ஆவிக் குமிழ் வந்தால் புஷ் ராடின் நகர்வு குறையும். ஹோஸை வேறு வழியில் கொண்டுபோய், ஸ்டீல் பின்னல் போட்டதாக மாற்றி, வெப்ப உறையும் சுற்றி, புது ஃப்ளூயிட் விட்டு ஏர் எடுங்கள்.

டர்போதாசன்:
எல்லாம் செஞ்சாச்சு. சூட்டுலயும் இப்ப 15-ஐ விட்டு இறங்கலை, ரிவர்ஸ் அமைதியா விழுது. ஓட்டுற விதத்தை மாத்தினதும் உதறலும் குறைஞ்சிருக்கு. கடகட அப்படியேதான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். நியூட்ரல் கலகலக்கு மட்டும் கெட்டியான கியர் ஆயில் ஊத்தலாமா?

பழைய ஸ்பானர்:
சத்தம் கொஞ்சம் அடங்கும், ஆனா குளிர்ல கியர் இறுக்கமா விழும். கியர்பாக்ஸுக்குச் சொன்ன கிரேடை விட்டுத் தாண்டாதீங்க தம்பி. அந்தக் கடகட என்னைக்காவது திடீர்னு மாறி, கூடவே ரிவர்ஸும் திரும்பக் கடிச்சா, ஹோஸைப் பார்க்காதீங்க, கிளட்ச்சை இறக்குங்க. ஃப்ளோட்டரோட காதுகள் உக்கார்ற இடத்துல பள்ளம் விழுந்திருக்கும், பிளேட் நகர முடியாம மாட்டிக்கும்.