அழித்தெழுதிய தோல் ஏட்டில் அடி எழுத்து தெரியவில்லை: பாலஸ்தீனக் கிறித்தவ அரமேயம், உதவி தேவை

கயல்விழி (கேள்வி)

வணக்கம். நான் மூன்று ஆண்டுகளாகச் சிரியாக் மொழி (கிழக்குக் கிறித்தவர்கள் எழுதிய பழைய அரமேய மொழி) படித்து வருகிறேன். நூலகம் ஒன்று பயிற்சிக்கெனத் தந்த ஒரு தோல் ஏட்டின் பல்நிறமாலைப் படங்கள் (ஒரே ஏட்டை வெவ்வேறு அலைநீள ஒளியில் எடுத்தவை) என்னிடம் உள்ளன. மேலே இருப்பது 9ஆம் நூற்றாண்டுச் சிரியாக் எழுத்து. அதன் அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட நிலையில், பாலஸ்தீனக் கிறித்தவ அரமேயம் (பாலஸ்தீனக் கிறித்தவர்கள் எழுதிய அரமேய வகை) இருக்கிறது என்று நூலகக் குறிப்பு சொல்கிறது. 365 முதல் 940 நானோமீட்டர் வரை 12 படங்கள் உள்ளன.

கோப்புகள் மிகப் பெரியவையாக இருந்ததால் அவற்றை ஜேபெக்காக மாற்றிக்கொண்டு, ஏடு முழுவதையும் முதன்மைக் கூறு பகுப்பாய்வுக்கு (படங்களுக்கு இடையிலான வேறுபாடுகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தரும் கணக்கு முறை) உட்படுத்தினேன். முதலில் வந்த படத்தில், நான் மறைக்க நினைத்த மேல் எழுத்துதான் முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. அடி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் செங்குத்தான கீறல்களே உள்ளன; அவை கத்தியால் சுரண்டிய தடம் என நினைக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் 'பே' என்ற எழுத்து தலைகீழாக இருப்பது போலத் தோன்றுவதால், படமே தலைகீழாக எடுக்கப்பட்டதோ என்ற ஐயமும் இருக்கிறது.

இன்னொன்று: அந்தக் காலத்து அறிஞர்கள் வேதிக் கரைசல் தடவி அடி எழுத்தைப் படித்ததாக வாசித்திருக்கிறேன். ஏட்டின் ஒரு மூலையில் மட்டும் அப்படிச் செய்து பார்க்க நூலகத்தாரைக் கேட்கலாமா?

ஏட்டுக்காவலர்

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்: தயவுசெய்து கேட்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் வத்திக்கான் நூலகத்தில் ஆஞ்செலோ மாய் மாசிக்காய்ச் சாற்றைத் தடவித்தான் சிசரோவின் 'குடியரசு' நூலை ஓர் அழித்தெழுதிய சுவடியிலிருந்து மீட்டு, 1822இல் வெளியிட்டார். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுக்க விற்கும் அதே மாசிக்காய்தான். தோலில் ஊறிக் கிடக்கும் இரும்போடு அது சேர்ந்து மறுபடியும் மையாகிவிடுவதால், அழிந்த எழுத்து சிறிது காலம் கருத்துத் தெரியும்; பிறகு ஏடு முழுவதுமே பழுப்பேறி, அடுத்து வருபவர் எதையும் படிக்க முடியாமல் போகும்.

1892இல் சினாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் பழைய சிரியாக் நற்செய்திச் சுவடியைக் கண்டெடுத்த ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், ஒட்டிக்கிடந்த ஏடுகளைக் கெட்டில் நீராவியைக் காட்டிப் பிரித்தார். மங்கிய இடங்களைப் படிக்க அமோனியம் ஹைட்ரோசல்பைடு கரைசலும் பயன்பட்டது. அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களிடம் 12 படங்கள் இருக்கின்றன.

ஒளிநிழல்

ஜேபெக் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, மூலமான 16-பிட் டிஃப் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் நிறத்துக்கும் அழிந்த மைக்கும் இடையே உள்ள வேறுபாடு மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகளைக் கழித்துக்கட்டியே ஜேபெக் தன் அளவைக் குறைக்கிறது. நமக்கு வேண்டியதோ அந்த வேறுபாடுதான்.

பகுப்பாய்வில் பிழை இல்லை. எது அதிகமாக மாறுகிறதோ அதைத்தான் அது முதலில் எடுத்து வைக்கும், ஏட்டில் அதிகமாக மாறுவது கறுத்த மேல் எழுத்துதானே? மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கூறுகளையும் திறந்து பாருங்கள். அதைவிட நல்ல வழி, இரண்டு மேல் வரிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும் சிறு கட்டமாகத் தேர்ந்து, அதில் கிடைக்கும் எண்களைக் கொண்டே கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஏடு முழுவதற்கும் பொருத்துவது. அப்போது தோலும் அடி மையும் மட்டுமே போட்டியில் இருக்கும்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதற்கு முன்பே இரண்டு படங்களை வைத்து ஒரு சோதனை செய்வேன். புற ஊதா ஒளியில் தோல் நீலமாக ஒளிரும். இரும்பு மையின் எச்சம் இருக்கும் இடத்தில் அந்த ஒளிர்வு அடங்கிவிடும், ஆகவே 365 படத்தில் இரண்டு எழுத்துகளும் கறுப்பாக வரும். 630 அல்லது அதற்கு அருகிலுள்ள சிவப்பு ஒளிப் படத்தில் அழிந்த எழுத்து ஏறத்தாழ மறைந்து, மேல் எழுத்து மட்டும் நிற்கும். சிவப்புப் படத்தை வண்ணப் படத்தின் சிவப்பு நிறத் தடத்திலும், புற ஊதாப் படத்தைப் பச்சை, நீலத் தடங்களிலும் இட்டால், மேல் எழுத்து கறுப்பாகவும் அடி எழுத்து செந்நிறமாகவும் பிரிந்து தெரியும். அடியில் ஆர்க்கிமிடீஸின் நூல்கள் மறைந்திருந்த அழித்தெழுதிய சுவடிக்குக் கைகொடுத்த முறை இதுவே. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் சில நிமிடங்களில் செய்யலாம். மேல் எழுத்தை முற்றிலும் ஒழித்துக்கட்ட நினைக்காதீர்கள். அது எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால்தான், அடி எழுத்தின் ஒரு கோடு உண்மையில் முடிந்ததா, மேல் மைக்குள் புகுந்து மறைந்ததா என்று சொல்ல முடியும்.

படங்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்திவிட்டீர்களா? புற ஊதாவும் சிவப்பும் வில்லையில் ஒரே அளவாகக் குவிவதில்லை. சில புள்ளிகள் நகர்ந்திருந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு போலி நிழல் வந்துவிடும். பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படம் உண்டா என்றும் நூலகத்தைக் கேளுங்கள். மை அரித்து மெலிந்த தோலின் வழியே ஒளி கூடுதலாக வருவதால், மையே மிஞ்சாத எழுத்தும் தெரியக்கூடும். 2011இல் தொடங்கி சினாய் மடத்தின் 74 அழித்தெழுதிய சுவடிகளைப் படமெடுத்த திட்டத்தில் அந்த முறை பெரிதும் உதவியது.

எஸ்ட்ராங்கலா

அந்தச் செங்குத்துக் கீறல்களைச் சுரண்டல் தடம் என்று தள்ளிவிடாதீர்கள்; அவைதாம் நீங்கள் தேடும் வரிகள் என்பது என் கணிப்பு. பழைய நூலைப் பிரித்து, கழுவிச் சுரண்டி, பெரிய ஏட்டைக் குறுக்கே மடித்துச் சிறிய நூலாகத் தைத்தபோது, பழைய வரிகள் புதிய வரிகளுக்குச் செங்கோணத்தில் அமைந்துவிடுவது வழக்கம். படத்தை 90 பாகை திருப்பிப் பாருங்கள். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை 'லாமத்' ('ல' ஒலி எழுத்து) சொல்லும். அதன் கோடு எப்போதும் வரிக்கு மேலே உயர்ந்து நிற்கும்.

'பே'யை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். சிரியாக்கில் 22 எழுத்துகள்; பாலஸ்தீனக் கிறித்தவ அரமேயத்தில் 23. கிரேக்கச் சொற்களின் 'ப' ஒலிக்கென்றே 'பே'யைத் திருப்பிப் போட்டு உண்டாக்கிய எழுத்துதான் அந்த இருபத்து மூன்றாவது. அது கண்ணில் பட்டதே நூலகக் குறிப்பு சரி என்பதற்கு நல்ல சான்று.

கயல்விழி

மூவருக்கும் மிக்க நன்றி. இடப்பக்கம் திருப்பியதும் கீறல்கள் வரிகளாகிவிட்டன. செந்நிறப் படத்தில் ஏழு வரிகள் பாதிப் பாதியாகத் தெரிகின்றன. மூன்றாம் வரியில் 'யோத்', அதன் பின் மங்கலான ஓர் எழுத்து, 'வாவ்', மீண்டும் ஒரு மங்கல் உள்ளன. இயேசுவின் பெயர் என்று கொண்டு, சிரியாக்கில் வருவது போல 'ஈஷோ' எனப் படித்தேன். ஆனால் கடைசி எழுத்து 'அயின்' போலவே இல்லை.

எஸ்ட்ராங்கலா

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மனப்பாடம்தான் குறுக்கே வந்துவிட்டது. இந்த அரமேயத்தில் எழுதிய சமூகத்தார் கிரேக்க மூலத்திலிருந்து மொழிபெயர்த்தவர்கள். பெயரையும் கிரேக்க ஒலிப்படியே 'ஈசூஸ்' என்று எழுதினார்கள். யோத், செம்கத் ('ஸ' ஒலி எழுத்து), வாவ், செம்கத். இரண்டு மங்கல்களும் ஒரே வடிவமா என்று பாருங்கள். பெஷித்தா (சிரியாக் விவிலியம்) பாடத்தை அருகில் வைத்துக்கொண்டு வெற்றிடங்களை நிரப்ப வேண்டாம். தெரிந்த எழுத்தைத் தெரிந்ததாகவும், ஊகத்தை அடைப்புக்குள்ளும் எழுதிக்கொள்ளுங்கள்.

கயல்விழி

ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே வடிவம்தான், இரட்டை வளையம் கொண்ட செம்கத். தலைகீழ் 'பே'யை அடுத்துத் 'தேத்', 'ரீஷ்' தெரிவதால் அது பெத்ரோஸ் என்ற பெயராகலாம். 'ரீஷ்' உறுதியில்லாததால் அடைப்புக்குள் இட்டிருக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வரிகளின் நடுப்பகுதி தையல் மடிப்புக்குள் போய்விட்டது. பின்னொளிப் படம் இருக்கிறதாம். அடுத்த வாரம் அனுப்புவதாக நூலகத்தார் எழுதியிருக்கிறார்கள். வந்ததும் இங்கேயே இடுகிறேன்.