டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு குழந்தையிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: வேளச்சேரித் தாய்

வணக்கம். ஆறு வயதும் 18 கிலோ எடையும் உள்ள என் மகளுக்குச் சனிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. திங்களன்று எடுத்த என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. இன்று புதன்கிழமை காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. ஆனால் நேற்று 1,40,000 ஆக இருந்த தட்டணுக்கள் இன்று 82,000 ஆகக் குறைந்துவிட்டன. வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம், நாளை மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். மாமியார் பப்பாளி இலைச் சாறு கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். அடுத்த வீட்டுக்காரர்களோ உடனே மருத்துவமனையில் சேர்த்துத் தட்டணு ஏற்றச் சொல்கிறார்கள். இதற்கிடையே, ஆய்வகத்தில் ஒருவர் "ஊசியே கிடையாது கண்ணு" என்று சொல்லி உட்கார வைத்து ரத்தம் எடுத்ததிலிருந்து, அவள் இரு கைகளையும் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு யாரையும் தொட விடுவதில்லை. காய்ச்சல் விட்டதற்கு மகிழ்வதா, எண்ணிக்கை இறங்குவதற்கு அஞ்சுவதா என்று தெரியவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அம்பத்தூர்

அன்புச் சகோதரிக்கு, குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டிய நேரம். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடல் சூடு தணிகிற அந்தக் கட்டத்தில், ரத்த நாளங்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கலாம். கசிந்தால் அது 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். குழந்தையின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்தக் கசிவால்தான் வருகிறது. ஆகவே அறிக்கையில் தட்டணு எண்ணிக்கையோடு, பிசிவி அல்லது ஹெமடோகிரிட் என்றிருக்கும் எண்ணையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்பதையும் பாருங்கள். தட்டணு இறங்கும்போது அது ஏறினால், ரத்தம் கெட்டிப்படுகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாத குழந்தைக்கு 82,000 என்ற எண்ணுக்காக யாரும் தட்டணு ஏற்றுவதில்லை.

குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கருமையான மலம், கைகால் சில்லிட்டுப் போதல், வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது அமைதியின்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள். கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் திரும்பினால் பாராசிட்டமால் மட்டுமே கொடுக்க வேண்டும். உங்கள் மகளின் எடைக்கு ஒரு வேளைக்கு 180 முதல் 270 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில். சிரப் வாங்கும்போது 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராமா, 250 மில்லிகிராமா என்று புட்டியில் கட்டாயம் பாருங்கள், ஏனெனில் கடைகளில் இரண்டு வகையும் கிடைக்கின்றன. ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பதில்: பெரம்பூர்த் தந்தை

செவிலியர் அம்மா கூறியதை மறுக்கவில்லை. ஆயினும் இரவில் வண்டி கிடைக்காத இடத்தில் வீடு இருந்தாலோ, குழந்தை குடிக்க மறுத்தாலோ, மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே சேர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பப்பாளி இலைச் சாறு கசப்பால் குமட்டும். அதனால் வந்த வாந்தியா, நோய் முற்றி வந்த வாந்தியா என்று பிரித்தறிய முடியாமல் போவதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது. பீட்ரூட், மாதுளை போன்ற சிவப்பு நிற உணவுகளையும் இந்த நாட்களில் தவிர்க்கச் சொல்வார்கள், வாந்தி எடுத்தால் ரத்தம் என்று ஐயுற நேரும் என்பதால். மாமியாரிடம் வாதாட வேண்டாம். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தாள், எப்போது சிறுநீர் கழித்தாள் என்று ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். பேத்தியின் மீதுள்ள அக்கறைக்கு அது உகந்த வேலை.

பதில்: பள்ளி ஆலோசகர், மயிலாப்பூர்

குழந்தையின் அச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வலியை விட ஏமாற்றப்பட்டதுதான் அவளை அதிகம் வருத்தியிருக்கிறது. "நாளைக்கும் ரத்தம் எடுப்பார்கள், கொஞ்சம் வலிக்கும், நீ இருபது எண்ணி முடிப்பதற்குள் முடிந்துவிடும், அம்மா மடியில்தான் உட்கார்ந்திருப்பாய்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்தக் கை என்பதை அவளே முடிவு செய்யட்டும். அழுதால் அழட்டும், "பெரிய பிள்ளை அழலாமா" என்று கேட்காதீர்கள். சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் ஒருவர்கூட விளையாட்டுக்கும் மிரட்டக் கூடாது.

வேளச்சேரித் தாய்

அனைவருக்கும் மிக்க நன்றி. இப்போது மாலை 6 மணி. நாளை ஊசி உண்டு என்று சொன்னதும் அழுதாள், பிறகு இடது கை என்றாள். காய்ச்சல் இல்லை. ஆனால் மதியத்திலிருந்து வயிறு வலிக்கிறது என்கிறாள், பொம்மையைக்கூடத் தொடாமல் படுத்தே இருக்கிறாள். காலை 11 மணிக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை. பசியால் இருக்குமோ?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், அம்பத்தூர்

பசி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம், சகோதரி; நாளை காலை வரை தள்ளிப்போடாமல் இப்போதே கிளம்புங்கள். உங்கள் மருத்துவரின் மருத்துவமனையில் இரவுப் பொறுப்பில் குழந்தை மருத்துவர் இருப்பாரா என்று தொலைபேசியில் கேளுங்கள். இல்லையென்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குச் செல்லுங்கள், அங்கே எந்நேரமும் அவசரச் சிகிச்சை உண்டு. கைகால் சில்லிட்டிருந்தாலோ, எழுப்பினால் சரியாகக் கண் திறக்காவிட்டாலோ 108ஐ அழையுங்கள். எல்லா ரத்த அறிக்கைகளையும் குறிப்பு நோட்டையும் எடுத்துக்கொண்டு, போனதும் "டெங்கு, காலையில் காய்ச்சல் விட்டது, வயிற்றுவலி, 11 மணிக்குப் பிறகு சிறுநீர் இல்லை" என்று முதலில் சொல்லுங்கள். அங்கே ஊசியும் குளுக்கோஸும் இருக்கலாம் என்பதை வண்டியிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.