விண்டோஸ்ல பில்ட் பண்ணி மாட்டுன கதை, உங்களுதும் சொல்லுங்க

சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு, பேர் வேணாம். லினக்ஸ்ல ரெண்டு கமாண்ட்ல முடிஞ்சிடும். விண்டோஸுக்கு ரீட்மீல ஒரே வரிதான், எம்சிஸ்2 (விண்டோஸ்ல லினக்ஸ் மாதிரி டூல்ஸ் தர்ற தொகுப்பு) போட்டு மேக் (கோட பில்ட் பண்ற கமாண்ட்) அடிங்கன்னு. நானும் போட்டு, ஸ்டார்ட் மெனுல எம்சிஸ்னு கண்ணுல பட்டத தொறந்து, ஜிசிசி கம்பைலர் இறக்கி மேக் அடிச்சேன், ஒரு எரர் இல்ல, கெத்தா எக்ஸ்இய ஃப்ரெண்டுக்கு அனுப்புனா அவன் மெஷின்ல எம்சிஸ்-2.0 டிஎல்எல் (ப்ரோக்ராம் ஓட தேவையான லைப்ரரி ஃபைல்) காணோம்னு பாக்ஸ் வருது. என்கிட்ட ஓடுது அவன்கிட்ட ஓடல, ஒரு ஞாயித்துக்கிழமை அப்படியே போச்சு.

விஷயம் என்னன்னா எம்சிஸ்2 உள்ளயே தனித்தனி ஷெல் (கமாண்ட் அடிக்கிற விண்டோ) இருக்கு. எம்சிஸ் ஷெல் சிக்வின் (விண்டோஸ்ல யூனிக்ஸ் மாதிரி சூழல் தர்ற ப்ராஜெக்ட்) வழி வந்தது, அதோட ஜிசிசில கட்டுனா அந்த டிஎல்எல் கூடவே போயாகணும். நேட்டிவ் எக்ஸ்இ (அந்த டிஎல்எல் இல்லாமயே ஓடறது) வேணும்னா யூசிஆர்டி64 ஷெல், பேக்மேன்ல (எம்சிஸ்2ல பேக்கேஜ் இறக்கற டூல்) இறக்கறப்பவும் வெறும் ஜிசிசி இல்ல, மிங்டபிள்யூ-டபிள்யூ64-யூசிஆர்டி-எக்ஸ்86_64னு நீளமா ஆரம்பிக்குதே அந்த ஜிசிசி. மிங்டபிள்யூ64னு இன்னொண்ணு இருக்கு, அது பழைய சி லைப்ரரிய புடிச்சு தொங்குது, ரெண்டையும் கலந்தீங்கன்னா தனி தலவலி.

கடுப்புல நானே டாக் (பில்ட் பண்ற வழிமுறை) எழுதி அனுப்புனேன். எந்த ஷெல், ப்ராம்ப்ட்ல என்ன பேர் தெரியணும், கடைசில எல்டிடி (எந்தெந்த டிஎல்எல் தேவைன்னு காட்டுற கமாண்ட்) அடிச்சா எம்சிஸ் டிஎல்எல் லிஸ்ட்ல வரவே கூடாதுன்னு எல்லாம். மிங்டபிள்யூ64, விஷுவல் ஸ்டூடியோன்னு நாலு வழி சேர்த்திருந்தேன். மெயின்டெய்னர் திருப்பி கேட்டாரு, இதுல எத நாம சிஐல (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் பண்ற சிஸ்டம்) தெனமும் ஓட்டுறோம்? யூசிஆர்டி64 மட்டும்தான். அத மட்டும் சப்போர்ட்னு போடுங்க, மத்தத "ஓடலாம், உடைஞ்சா நீங்களே பாத்துக்கங்க"ன்னு கீழ தள்ளுங்கன்னாரு. மொதல்ல கோவம் வந்துச்சு, ஆனா அவர் சொன்னதுதான் சரி.

—

ப்ரோ, அந்த டாக்ல ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் கூடாதுன்னும் சேருங்க. என் விண்டோஸ் யூசர்நேம்ல இனிஷியலுக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ், மேக் அத ரெண்டு ஃபைல்னு நெனச்சிக்கிச்சு. சி டிரைவ்ல நேரா ஒரு ஃபோல்டர் போட்டதும் சரியாச்சு.

—

நான் மேக்புக் ஆளு. இன்டெல் (எக்ஸ்86) சிப்லேருந்து ஆப்பிள் எம்1 (ஆர்ம்) சிப்புக்கு எல்லாத்தையும் அப்படியே மாத்திக்கிட்டேன், பழைய ஹோம்ப்ரூவும் (மேக்புக்ல சாஃப்ட்வேர் இறக்கற டூல்) யூஎஸ்ஆர்/லோக்கல்ல கூடவே வந்துடுச்சு, புதுசு ஆப்ட்/ஹோம்ப்ரூல உக்காருது. லிங்க் பண்றப்ப எக்ஸ்86 ஃபைல ஆர்ம்ல சேக்க முடியாதுன்னு கத்துது, பாத்ல (கமாண்ட தேடற ஃபோல்டர் லிஸ்ட்) எது முன்னாடி நிக்குதுன்னு பாக்கவே தோணல. எந்த டாக்லயும் இந்த வரி இல்லைங்க.