புதிதாக வந்த நீதிபதி எப்படி? நாம் எதை வைத்துச் சொல்கிறோம்?

கோபிச்செட்டிபாளையம், சிவில் வழக்கறிஞர்:

மாறுதல் உத்தரவு வந்ததும் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் முதலில் கேட்பது, "ஆபீசர் (நீதிபதி) பரீட்சை எழுதி வந்தவரா, பாரிலிருந்து வந்தவரா?" என்றுதான். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி சிவில் நீதிபதியாக நுழைந்து, சார்பு நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று ஏறி வருகிறவர்கள் ஒரு வகை. ஏழு வருடமாவது வக்கீலாக இருந்துவிட்டு நேரடியாக மாவட்ட நீதிபதி ஆகிறவர்கள் இன்னொரு வகை. அரசியல் சட்டத்தின் 233-வது பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. கல்லூரி முடித்த கையோடு நீதிபதி ஆகிறவர்களுக்குக் கோர்ட் பழக்கம் போதாது என்ற குறை ரொம்ப நாளாகவே உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் தொழில் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அதை வரவேற்கிறேன். ஆனால் நான் ஆஜரான நீதிபதிகளில் விசாரணையை மிகச் சிறப்பாக நடத்தியவர், வக்கீல் தொழிலே பார்க்காமல் பரீட்சை எழுதி வந்த ஒரு இளம்பெண்.

வண்டிப்பாதை வழக்கு. பங்காளிகள் இரண்டு பேர், பொதுக் கிணறு, அதற்குப் போகிற இட்டேரி. நான் பிரதிவாதி பக்கம். எங்கள் சாட்சி வயதான விவசாயி. கிராஸில் (குறுக்கு விசாரணையில்) ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் நின்ற பிரதிவாதியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். வழக்கமாக "தெரியாது" என்று டைப் அடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இந்த அம்மா நிறுத்தினார். பெரியவருக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிரதிவாதியை வெளியே இருக்கச் சொன்னார். அப்புறம், சாட்சி பிரதிவாதியைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார் என்ற குறிப்பை டெபொசிஷனிலேயே (சாட்சி வாக்குமூலப் பதிவிலேயே) சேர்த்தார். சிவில் நடைமுறைச் சட்டம் 18-வது ஆர்டர், 12-வது ரூல் அந்த அதிகாரத்தைத் தருகிறது. பயன்படுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த வழக்கில் எங்களுக்குத் தோல்வி. அப்பீல் போனபோது அந்த ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. மேல் கோர்ட்டுக்கு வருவது காகிதம் மட்டும்தான். சாட்சி தடுமாறியதையும் திரும்பிப் பார்த்ததையும் விசாரணை நீதிபதி எழுதி வைத்தால்தான் உண்டு. அதனால் இன்றைக்கும் அவருக்குத்தான் என் முதல் இடம்.

திருப்பூர், கிரிமினல் பக்கம்:

அண்ணா சொன்னது எங்கள் பக்கமும் பொருந்தும். கீழ்க்கோர்ட் தீர்ப்பு மேலே மாறினாலே நீதிபதி சரியில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உடுமலை சங்கர் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் கொலை. 2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் ஐகோர்ட் ஒருவரை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேருக்கும் ஆயுளாகக் குறைத்தது. இதை மட்டும் வைத்து விசாரணை நீதிபதியை எடை போட்டால் தப்பு. ஊரே கொதித்த வழக்கை இரண்டு வருடத்துக்குள் முடித்திருக்கிறார்கள். அந்த ஐந்து பேர் குற்றவாளிகள் என்று ஐகோர்ட் உறுதி செய்ததும் இங்கே பதிவான சாட்சியங்களை வைத்துத்தான்.

எனக்கு வருத்தம் வேறு. வாய்தா கேட்டதும் கொடுத்தால் "தங்கமான ஆபீசர்", கொடுக்காவிட்டால் "ரொம்பக் கறார்". நம் மதிப்பீடு பெரும்பாலும் இவ்வளவில் நின்றுவிடுகிறது. கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் ரகசியக் குறிப்பை எழுதுவது மேலே இருக்கிற நீதிபதிகள். ஆஜராகிற வக்கீல்களை யாரும் முறையாகக் கேட்பதில்லை. அலாஸ்கா மாநிலத்தில், நீதிபதி பதவியில் தொடரலாமா என்று மக்கள் வாக்களிப்பதற்கு முன்னால் வக்கீல்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடுகிறார்கள், 1970-களிலிருந்தே நடக்கிறது. இங்கே வாக்கெடுப்பு வேண்டாம். வக்கீல்கள் பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க ஒரு வழி இருந்தாலே போதும்.

பெருந்துறைப் பக்கம், கட்சிக்காரர்:

நான் வக்கீல் இல்லைங்க, பாகப்பிரிவினை வழக்குக்காக அலைகிறவன். எங்கள் வழக்கைப் பார்த்த ஒரு நீதிபதி, வக்கீலாக இருந்து வந்தவர் என்று சொன்னார்கள். காலையில் பத்தரைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து வழக்குகளைக் கூப்பிடும்போதே, இன்றைக்கு எதை எடுப்பேன், எதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவார். மற்றவர்கள் தேதி வாங்கிக்கொண்டு தோட்ட வேலைக்குத் திரும்பிவிடலாம். அவருக்குப் பிறகு வந்தவர் காலத்தில் சாயங்காலம் வரை வராந்தாவில் நின்று தேதி மட்டும் வாங்கி வந்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயசு, அவரும் கூடவே நின்றார். எங்களையும் ஒருவர் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வோம்.

கோபிச்செட்டிபாளையம், சிவில் வழக்கறிஞர்:

நீங்கள் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன், தம்பி. கட்சிக்காரர் பொழுதுக்கு மதிப்புக் கொடுக்கிறாரா என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். பவானி, தாராபுரம், சங்ககிரி நண்பர்களும் எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனித்துச் சொல்லுங்கள்: எதிர்த்தரப்பு ஆட்சேபித்த கேள்வியை அனுமதிக்கும்போது கேள்வி, பதில், ஆட்சேபணை, யார் ஆட்சேபித்தது, நீதிபதியின் முடிவு எல்லாம் பதிவாகிறதா? நான் முன்னே சொன்ன அதே 18-வது ஆர்டரின் 11-வது ரூல் அதைக் கட்டாயம் என்கிறது. உங்கள் கோர்ட்டில் நடக்கிறதா?