சோனி ஏ7 த்ரீ கேமராவை விட்டு ஏ7 ஃபோருக்கு மாறலாமா? கல்யாண வீடியோவுக்கு மட்டும்

மஞ்சக்குப்பம் வீடியோ:
கடலூரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கையில் சோனி ஏ7 த்ரீ, டாம்ரான் 28-75 லென்ஸ். தெரிந்தவர் ஒருவர் தன் ஏ7 ஃபோர் பாடியைச் செகண்ட் ஹேண்டில் தருகிறேன் என்கிறார். திருவந்திபுரம் கோயில் முகூர்த்தம், மண்டபத்து ரிசப்ஷன், இவைதான் என் பிழைப்பு. போட்டோ எடுப்பதில்லை, 33 மெகாபிக்சலை வைத்து நான் என்ன செய்ய? வீடியோவுக்கு மாறுவது பிரயோஜனமா?

முத்தியால்பேட்டை எடிட்டர்:
தம்பி, இரண்டு கேமராவின் ஃபுட்டேஜும் என் டேபிளுக்கு வருகிறது. முகூர்த்தத்துக்கு மட்டும் என்றால் மாற வேண்டாம். விடிகாலை வெளிச்சம், ஹோமப் புகை எதுவானாலும் த்ரீயின் 4கே 25பி (நொடிக்கு 25 பிரேம்) நன்றாகவே இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமா உட்பட யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ரிசப்ஷன்தான் தலைவலி. மேடைக்குப் பின்னால் எல்இடி வாலில் (பெரிய திரையில்) ஊதாவும் நீலமும் கலந்து ஓடும். த்ரீயின் 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதையும் எஸ்-லாக் 3-ல் (பிறகு கலர் திருத்துவதற்கான வெளிறிய படம்) எடுத்து அனுப்புகிறார்கள்! கலரைக் கொஞ்சம் இழுத்தாலே பின்னணி பட்டை பட்டையாகப் பிரிகிறது. பெண்ணின் முகத்தில் ஏறிய ஊதாவை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃபோரில் 10 பிட், அதாவது 1024 படிகள்; 4:2:2 என்பதால் நிற விவரமும் கூடுதல். எஸ்-சினிடோன் என்ற ரெடிமேட் கலரில் எடுத்தால் பெரும்பாலும் கிரேடிங்கே (கலர் திருத்தமே) தேவைப்படாது.

அப்புறம், எல்இடி வாலுக்கு லைவ் கொடுப்பீர்கள் அல்லவா? த்ரீயில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. கூட்டத்தில் யாராவது கேபிளைத் தட்டினால் போச்சு. ஃபோரில் முழு அளவு சாக்கெட். ரிவ்யூக்காரர்கள் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள், என்னைக் கேட்டால் இதற்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

நெல்லிக்குப்பம் ஸ்டுடியோ:
அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஸ்லோமோஷன் ஆசையில் வாங்காதீர்கள். ஃபோரில் 4கே 50பி போட்டால் 1.5 கிராப் (படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும்), உங்கள் 28 மில்லிமீட்டர் 42 ஆகிவிடும். திருவந்திபுரத்தில் வரிசையாக ஜோடிகள் உட்கார்ந்திருக்க, தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நகர இடம் ஏது? பேட்டரி அதே எஃப்இசட்100 என்பதால் அந்தச் செலவு இல்லை.

மஞ்சக்குப்பம் வீடியோ:
லைவ் கொடுப்பது உண்மைதான் அண்ணே. என் டெஸ்க்டாப் ஐ5, 8-ம் ஜெனரேஷன். 10 பிட் ஓடுமா?

முத்தியால்பேட்டை எடிட்டர்:
எச்.265 (அதிகம் சுருக்கும் ஃபைல் வகை) 4:2:2 என்றால் திணறும். டெஸ்க்டாப்பில் இன்டெல் 11-ம் ஜெனரேஷனிலிருந்துதான் சிப்பே அதைக் கையாளும். ஃபோரின் எக்ஸ்ஏவிசி எஸ் ஃபார்மட்டில் 140 எம்பிபிஎஸ்-ல் எடுத்து, ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான சிறிய நகல்) போட்டு வெட்டுங்கள். மணிக்கு 63 ஜிபி ஆகும். த்ரீயின் 100 எம்பிபிஎஸ்-க்கு 45 தான், எனவே ஹார்டு டிஸ்க் செலவையும் கணக்கில் சேருங்கள். ரிசப்ஷன் ஆர்டர் எப்போதாவதுதான் என்றால் வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம். முகூர்த்த மாதங்களில் தொடர்ந்து வருகிறது என்றால் வாங்கிவிடுங்கள். விற்பவர் வீடியோவுக்கே ஓட்டியிருந்தால் ஷட்டர் கவுன்ட் (எத்தனை போட்டோ எடுத்தது என்ற எண்ணிக்கை) ஒன்றும் சொல்லாது. ஒரு மணி நேரம் ரெக்கார்டிங்கில் விட்டு, எச்டிஎம்ஐ சாக்கெட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.