யூனிட் (படப்பிடிப்புக் குழு) சாப்பாடு: இன்றும் மனத்தை உறுத்தும் ஒரு வேளையைப் பற்றி எழுதுங்கள்

சமையல் ஒப்பந்தக்காரர், பொள்ளாச்சி:

சேத்துமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் திருவிழாக் காட்சி எடுத்தார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் முதல்நாள் இரவு போனில் சொன்ன கணக்கு 130 பேர். நான் 145 பேருக்குச் சமைத்துக் கொண்டுபோனேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் 170-ஐத் தாண்டிவிட்டார்கள், ஏனென்றால் கூட்டத்துக்காக அன்று காலையில் உள்ளூரில் சேர்த்த ஆட்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மறுபடி உலை வைத்தோம், ரசத்தை நீட்டினோம், ஒருவழியாகச் சமாளித்தோம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. மூன்றரை மணிக்கு, அண்டாக்களைக் கழுவப் போட்ட பின், ஜெனரேட்டர் வேனைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கையில் தட்டுடன் வந்து நின்றார். விளக்குகள் எரியும்வரை அவரால் வண்டியை விட்டு அகல முடியாது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. "வெறும் ரசம் இருந்தாலும் போதும் தம்பி" என்றார். என் உதவியாளன் அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த சோற்றைக் கரண்டியால் சுரண்டி எடுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர் நின்றபடியே சாப்பிட்டார். தட்டைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் ஆள் கணக்குடன் வண்டிக் கணக்கையும் கேட்டு வாங்கி, முதல் பந்தி தொடங்குமுன்பே வண்டிக்காரர்களின் சாப்பாட்டைத் தனி ஹாட் பாக்ஸில் எடுத்து வைத்துவிடுகிறேன்.

உதவி இயக்குநர், சென்னை:

அண்ணனின் வருத்தம் நியாயமானது. ஆனால் குற்றம் முழுவதும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்பதை நான் ஏற்கவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும், பிரேக் நேரத்தை நாங்கள் சொல்லாமல் இழுத்ததால் கெட்டுப்போன சாப்பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு செட்டிநாட்டு வீடு, மே மாதம். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரையில் எண்ணெய்ப் பாத்திரம் எதையும் வைக்கக்கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லியிருந்ததால், சமையல் எல்லாம் பின்கட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில்தான் நடந்தது. ஒரு மணிக்கு விட வேண்டிய பிரேக், முற்றத்தில் விழும் வெயிலை இயக்குநர் விட மனமில்லாமல் படம்பிடித்துக்கொண்டே இருந்ததால், மூன்றே காலுக்குத் தள்ளிப்போயிற்று. சமையல்காரர் மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் நான் ஐந்து விரலைக் காட்டி "ஐந்து நிமிடம்" என்று சைகை செய்தேன். கடைசியில் அவர் தயிர்சாத அண்டாவின் மூடியைத் திறந்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்ப மூடினார். 60 பேருக்கான சாதம். அதைப் பரிமாறாமல், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனார்கள். தாமதத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

புகைப்படக் கலைஞரின் உதவியாளர், கோயம்புத்தூர்:

எங்களுடையது சின்ன யூனிட், 14 பேர்தான். பட்டுப்புடவை விளம்பரத்துக்காக ஸ்டூடியோவின் சுவரையும் தரையையும் ஒரே வெள்ளையாகப் பூசியிருந்தோம். சாப்பாட்டுக்குத் தனி இடம் யோசிக்காமல், மதியம் ஒரு மூலையில் பார்சலைப் பிரித்தோம். சாம்பார்ப் பை ஒன்று வெடித்துத் தரையில் ஓடியது. மஞ்சள் கறையை எவ்வளவு துடைத்தும் போகாமல், மறுபடி வெள்ளையடித்துக் காயும்வரை மூன்று மணி நேரம் காத்திருந்தோம்.

அந்த நேரம் முழுவதும் மணப்பெண் அலங்காரத்தில் இருந்த பெண் எதையும் தொடவில்லை. புடவையில் பட்டுவிடும் என்று பயந்தாள். பிறகு ஒப்பனை செய்யும் அக்கா ஒரு துண்டை அவள் மடியில் விரித்து, இட்லியைச் சிறு துண்டுகளாக்கி, உதட்டுச் சாயம் கலையாமல் ஒவ்வொன்றாக ஊட்டிவிட்டார். காலை ஆறு மணியிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஓய்வுபெற்ற புரொடக்‌ஷன் நிர்வாகி, வடபழனி:

தயிர்சாதம் எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாமதம் உங்கள் தவறுதான், ஆனால் மே மாதத்தில் முழுத் தயிர் ஊற்றி முற்பகலிலேயே பிசைந்து வைத்தது சமையல்காரரின் தவறு. குழைய வடித்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டித் தயிரை மட்டும் சேர்த்தால், பரிமாறும் நேரத்தில் பதமாக இருக்கும், சீக்கிரம் புளிக்காது. வெயில் காலத்தில் அவுட்டோர் போகிறவர்கள் தேங்காய் அரைத்த கூட்டையும் தேங்காய்ச் சட்னியையும் அறவே விட்டுவிட்டு, தக்காளித் தொக்கு, புளிக்குழம்பு என்று போக வேண்டும். சூடான பண்டம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் கிடந்தால் அது ஆபத்து. சோற்றுக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் கொதியில் சாகாத கிருமிகள் அதில் உண்டு.

அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ அரிசி 8 பேருக்கு என்பது பொதுக் கணக்கு. லைட்மேன்களும் செட் போடுகிறவர்களும் அதிகம் இருக்கும் நாளில் 6 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், கனமான விளக்குகளைத் தூக்கி இறக்குகிறவர்களின் பசி வேறு. டீக்கு ஒரு லிட்டர் பாலில் 12 பேர். டிபனுக்கு ஆளுக்கு 4 இட்லி, ஒரு வடை, கொஞ்சம் பொங்கல். இரவுப் படப்பிடிப்பு என்றால் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு டீயும், நான்கு மணிக்குச் சுக்குக் காப்பியும் கட்டாயம்.

என்னை உறுத்தும் சம்பவம் சிறியது. ஒரு படத்தில் நடிகர்களுக்கு ஒரு சமையல், மற்றவர்களுக்கு ஒரு சமையல் என்று நானே பிரித்துப் போட்டேன். ஒரு லைட்மேன் அடுத்த பந்தியின் இலையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். 2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் மறைந்தபோது, தம் படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று அவர் நின்றதைத் திரையுலகில் பலரும் நினைவுகூர்ந்தார்கள். எனக்கு அன்று அந்த லைட்மேனின் முகம்தான் வந்தது.

துணை நடிகை, சாலிகிராமம்:

ஐயா, நான்கு இட்லிக் கணக்கு வீட்டிலிருந்து ஏழு மணிக்கு வருகிறவர்களுக்குச் சரி. எங்களை அதிகாலை மூன்றரைக்கே வேனில் ஏற்றுவார்கள். இறங்கியதும் உடை, ஒப்பனை, வரிசை. முதல் ஷாட் முடிந்து டிபன் கைக்கு வரும்போது ஒன்பதரை ஆகியிருக்கும். ஆறு மணி நேரம் வெறும் வயிறு.

ஒருமுறை செம்பரம்பாக்கம் பக்கம், கல்யாண வீட்டுக் காட்சிக்காக, உண்மையான பலகாரங்களை இலையில் பரிமாறி எங்களை உட்கார வைத்தார்கள். ஷாட்டுக்கு ஷாட் இலை மாறினால் தொடர்ச்சி கெட்டுவிடும், தொடக்கூடாது என்றார்கள். என் பக்கத்தில் இருந்த அறுபது வயது அம்மா ஜாங்கிரியைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார். "கண்ணைத் திறங்கம்மா, கேமரா ஓடுது" என்று யாரோ சத்தம் போட்டார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

நீங்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வேன் வந்து நின்றதும், உடை மாற்றப் போகுமுன், ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு பன்னும் கொடுக்கும்படி யாராவது திட்டத்தில் எழுதி வையுங்கள்.